ஓரகத்திக்கு நான் படித்துக் காட்டியது

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்பெனி பஸ்ஸில் இன்றும் ஜன்னல் சீட் அவளுக்குத்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஸ்டாப்பில்தான் ஏறுகிறோம். ஆனால் உள்ளே இருக்கிற பெண்கள் "பிரியா, இங்க வா" என்று அவளுக்குத்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்து வைக்க ஒருத்திக்கும் தோன்றாது. ஒன்பது வருஷமாக இந்த பஸ்ஸில் போகிறேன். அவள் வந்து மூன்று வருஷம்.

மோகனப்ரியா என் ஓரகத்தி, கொழுந்தன் ஆனந்தின் பெண்டாட்டி. ஓசூரில் ஒரே வாடகை வீட்டில் முன்னறை அவர்களுக்கு, பின்னறை எங்களுக்கு, சமையலறை பொது. பொது என்றால் என்ன, நான் சமைக்கிறேன், எல்லோரும் சாப்பிடுகிறோம். அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான். வண்டிகளுக்குள் ஓடுகிற வயர்களைப் பெரிய பலகையில் விரித்துக் கட்டுவது எங்கள் வேலை. எந்தக் கலர் வயர் எந்த ஓட்டைக்குப் போகணும், தள்ளினால் டிக்கென்று சத்தம் வரணும், சத்தம் வந்த பிறகும் ஒரு முறை இழுத்துப் பார்க்கணும் - எல்லாம் அவள் விரலைப் பிடித்து நான் சொல்லிக் கொடுத்தது. அவள் டிகிரி, நான் பன்னிரண்டாவது. அதனால் பார்க்கிறவர்களுக்கு அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

இன்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாவது லைனுக்கு லைன் லீடர் வேண்டுமாம். முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் மேனேஜர் முன்னால் நின்று பதில் சொல்லணும். ஒரே ஒரு இடம்.

எனக்கு வேண்டும். ஒன்பது வருஷமா அடுத்தவ சொல்றதைக் கேட்டு நிக்கிறேன். நான் சொல்லி நாலு பேர் கேக்கட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு முன்னாலேயே அவள் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு பேர்ல யாருக்கு வந்தா என்னா, நம்ம வூட்டுக்குத்தான வருது" என்றார். வீட்டுக்கு வருவதற்கு அது என்ன கேஸ் சிலிண்டரா?

ஆகஸ்ட் 7, வியாழன்

பிரியாவுக்கு ஒரு குறை உண்டு. இதை எழுதும்போது மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கிறது, பொய் சொல்வானேன். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் பெரிய ஆள் யாராவது எதிரில் நின்று கேள்வி கேட்டால் மண்டை காலியாகிவிடும். போன வருஷம் வெளியூரிலிருந்து சோதனைக்கு வந்தவர் அவள் பலகை முன்னால் நின்று, சிவப்பு வயர் எங்கே போகிறது என்று கேட்டார். தினமும் நூறு தடவை செருகுகிற வயர். வாயைத் திறந்தபடி நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் நான்தான் போய்ச் சொன்னேன்.

ஆகவே எழுத்தில் அவள் எவ்வளவு வாங்கினாலும் மேனேஜர் முன்னால் விழுந்துவிடுவாள். இடம் எனக்குத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆனந்த் ஒரு ஆளைக் கண்டுபிடித்திருக்கிறான். பாகலூர் ரோட்டில் மருந்துக்கடை மாடியில் கோவிந்தன் என்று ஒருவர். முன்பு ஏதோ கம்பெனியில் பயிற்சி கொடுத்தவராம், இப்போது மனோவசியம் சொல்லித் தருகிறார். ஞாபக சக்திக்கு, பரீட்சை பயத்துக்கு எல்லாம் வருகிறார்களாம். "அண்ணி, நீங்களும் வாங்க, அவ தனியா பயப்படுவா" என்றான். போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

நெற்றியில் பட்டை, கையில் ஊசல் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில் பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தார். "மந்திரமெல்லாம் இல்லைம்மா. ஒடம்பு தளர்ந்து கிடக்கிறப்ப சொல்ற பேச்சு கொஞ்சம் ஆழமா எறங்கும். நமக்குத் தெரியும்னு மூளையே நம்பணும். அவ்ளோதான்" என்றார். பிரியாவை நாற்காலியில் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, கை பஞ்சு மாதிரி லேசாகிறது, தானாக மேலே போகிறது என்று மெல்லப் பேசினார். அவள் கை நிஜமாகவே எழும்பி அந்தரத்தில் நின்றது! ஆனந்துக்கு வாயெல்லாம் பல். நானும் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். என் கை மடியில் கல்லு மாதிரிக் கிடந்தது. வெளியே லாரி ஹாரன் கேட்டது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இருப்பதைத் தினமும் ஒருத்தர் நிதானமாகப் படித்துக் காட்டணுமாம். "வீட்டுல யாரு சொன்னா இந்தப் பொண்ணு தட்டாம கேக்கும்?" என்றார்.

ஆனந்த் யோசிக்கவே இல்லை. "எங்க அண்ணி சொன்னா கேப்பா சார்."

பிரியாவும் தலையாட்டினாள். எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துவிட்டது. புருஷன் பேச்சை விட என் பேச்சாம்! சரி என்று சொல்லித் தொலைத்தேன். ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. என் எதிரியை நானே ஜெயிக்க வைக்கணுமா? இந்தக் கூத்து வேறு எந்த வீட்டிலாவது நடக்குமா?

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலை முடிந்து வந்து டீ குடித்ததும் முதல் நாள் படிப்பு. அவள் பாயில் மல்லாந்து படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.

"உன் இமைகள் கனக்கின்றன. மூச்சு நிதானமாகிறது. நீ ஒவ்வொரு படியாக இறங்குகிறாய். நீ கற்றதெல்லாம் உன்னிடம் பத்திரமாக இருக்கிறது. யார் எதிரில் நின்று கேட்டாலும் உன் மனம் தெளிந்த குளத்து நீர் போல் இருக்கும். பதில் தானாக வரும். உன்னால் முடியும். நீ கெட்டிக்காரி."

தெளிந்த குளமாம். எந்த ஊரில் இருக்கிறது அப்படி ஒரு குளம்?

படித்து முடித்தபோது அவள் முகம் குழந்தை மாதிரி இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கிடக்கணுமாம், எழுப்பக் கூடாதாம். அவள் கெட்டிக்காரியாகக் கிடந்தாள். கெட்டிக்காரி என்று சொன்ன நான் எழுந்து போய்ப் புளி கரைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

என் மகள் ரஞ்சிதா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "அம்மா, உனக்கு இவ்ளோ அழகா பேச வருமா?" என்கிறாள். ஒன்பதாவது படிக்கிற வாய்.

ஆகஸ்ட் 20, புதன்

எனக்கும் ஒருத்தர் படித்துக் காட்டினால் என்ன? வீட்டுக்காரரிடம் தாளைக் கொடுத்தேன். படுத்துக் கண்ணை மூடினேன். மனுஷன் கரண்ட் பில் படிக்கிற மாதிரி ஒரே மூச்சில் படிக்கிறார். "உன் இமைகள் கனக்கின்றன மூச்சு நிதானமாகிறது நீ ஒவ்வொரு... ஏ பொற்கொடி, இதென்னா எழுத்து, படியாவா, பாடியாவா?" கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் சுவரில் சாய்ந்து தூங்குகிறார். யாருக்கு வசியம் பண்ணச் சொன்னேன், யார் விழுந்தது!

சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்குப் படிக்க நான் இருக்கிறேன். எனக்கு யார் இருக்கா?

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவார்களே, அதில் இன்று மேனேஜர் வந்திருந்தார். நேற்று திரும்பி வந்த வயர்க்கட்டில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியும். கையைத் தூக்குவதற்குள் பிரியா முன்னால் போய்விட்டாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் சொன்னாள். சத்தம் வந்ததும் விட்டுவிட்டார்கள், இழுத்துப் பார்க்கவில்லை, அதனால் வயர் பாதியிலேயே நின்றிருக்கிறது என்று முழுசாகச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை அப்படியே அவள் வாயில்.

"சென்னாகிதேம்மா, ரொம்ப சென்னாகிதே" என்று மேனேஜர் கன்னடத்தில் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வலிக்கிற மாதிரித் தட்டினேன்.

சாயங்காலம் அவள் பாயை விரித்து, "படிங்கக்கா" என்றபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உடனே போய் மிளகுப் பால் காய்ச்சிக் கொண்டு வருகிறாள்! குடித்துவிட்டுப் படித்தேன், வேறு என்ன செய்ய.

செப்டம்பர் 3, புதன்

உண்மையைச் சொன்னால் என்ன, இது என் டைரிதானே. எனக்கு அவளைப் பார்த்தால் எரிகிறது. அவள் புடவை கட்டினால் எரிகிறது, சிரித்தால் எரிகிறது. ரஞ்சிதா கணக்குப் பாடத்துக்குச் சித்தியிடம் போவது எரிகிறது. கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பாவி, நல்லவளாக வேறு இருக்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஊத்தங்கரையிலிருந்து மாமியார் போன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சின்னவளுக்கு அந்த வேலை கெடைச்சா மாரியம்மனுக்குப் பொங்கல் வெக்கறேன்னு வேண்டியிருக்கேன்டி."

"அத்தை, நானும் எழுதுறேன்."

"உனக்கு என்னாத்துக்கு வேண்டுதல்? நீ எப்பிடியும் சமாளிச்சுக்குவ. அவதான் பாவம், பூஞ்சை மனசு."

சமாளிச்சுக்குவேன். பதினாறு வருஷமா சமாளிக்கிறேன். அதனாலதான் ஒருத்தரும் எனக்குன்னு ஒரு சாமியைக் கூடக் கேக்கலை. கல்லு மனசுன்னா பொங்கல் கிடையாதா?

செப்டம்பர் 9, செவ்வாய்

என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

வழக்கம் போல் படித்தேன். இமைகள், மூச்சு, படி, குளம், எல்லாம். கெட்டிக்காரி என்ற இடம் வந்ததும் வாய் நிற்கவில்லை. அதே குரலில், அதே மெதுவில், தாளில் இல்லாததைச் சொன்னேன். "மேனேஜர் எதிரில் நின்றதும் உன் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரிந்ததெல்லாம் மறந்துவிடும். அக்காவுக்கே விட்டுவிடலாம் என்று தோன்றும்."

அவள் முகம் அசையவில்லை. பாயில் விரித்திருந்த கை மட்டும் மூடிக்கொண்டது. தூக்கத்தில் அப்படி ஆகும்தானே? ஆகும்.

எழுந்து போய்க் குழம்பைக் கிளறினேன். உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், அவளும்தான்.

செப்டம்பர் 10, புதன்

இன்று சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணினேன். அவளே வந்து பாய் விரித்து, "படிங்கக்கா" என்றாள். படித்தேன். சொன்னேன். நேற்றை விட இன்று சுலபமாக இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றும்.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுத்துத் தேர்வு. சாப்பாட்டு அறையில் மேஜையைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார வைத்தார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆங்கிலத்தில் கேட்டிருந்த ஒன்று மட்டும் புரியவில்லை. அவளும் நன்றாக எழுதினேன் என்கிறாள். எழுத்தில் பயமில்லை அவளுக்கு, நேரில் நிற்பதில்தான்.

தேர்வு நாள் என்பதால் இன்று படிக்க வேண்டாம் என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிம்மதி இல்லை. நிஜமாகவே அவள் மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கம்பெனி வேலை போகட்டும், வீட்டில் நிற்கும்போது, ரோட்டைக் கடக்கும்போது மண்டை காலியானால்? கோவிந்தன் சாருக்குப் போன் பண்ணினேன். யாரோ கேட்ட மாதிரி கேட்டேன். "சார், படிக்கிறவங்க தப்பா எதையாவது சேத்துப் படிச்சிட்டா என்னா ஆவும்?"

சிரித்தார். "ஒன்னும் ஆவாதும்மா. மனசுக்கு ஒவ்வாததைச் சொன்னா அது ஏத்துக்காது. பாதிப் பேரு அப்பவே முழிச்சுக்குவாங்க. நீங்க நல்லாத்தான படிக்கிறீங்க, அப்புறம் என்னா?"

போனை வைத்ததும் பெரிய பாரம் இறங்கியது. கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும்? வந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

நேர்காணல். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு அவள் பாயே விரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத்தில் தேறியது நாங்கள் இரண்டு பேர்தான். முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தமே கேட்கவில்லை. ஒட்டிக்கொண்டதா நாக்கு? ஒட்டிக்கணும்னு நினைச்சேனா, வேண்டாம்னு நினைச்சேனா? எனக்கே தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து, புடவையில் துடைத்துத் துடைத்து ஒரு இடம் ஈரமாகிவிட்டது.

அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "போங்கக்கா, நல்லா சொல்லுங்க" என்றாள்.

வயர், கலர், பலகை, எல்லாம் கேட்டார் மேனேஜர். மளமளவென்று சொன்னேன். கடைசியில் ஒன்று கேட்டார். "உங்க லைன்ல உங்களை விட வேகமா ஒரு பொண்ணு இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"வேகத்தை நம்பக் கூடாது சார். அவ செருகின ஒவ்வொன்னையும் நான் இழுத்துப் பாப்பேன். எங்கியாவது ஒன்னு கழண்டு வரும்" என்றேன்.

சரியான பதில்தான். அவர் ஏன் சிரித்தார்?

பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், உன்னிடமும் இதைக் கேட்டாரா என்று. கேட்டாராம். "அவங்க பக்கத்துல நின்னு கத்துக்குவேன்னு சொன்னேன்க்கா. உங்க பக்கத்துல நின்னுதான கத்துக்கிட்டேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்திருந்தாள்.

செப்டம்பர் 24, புதன்

அவளுக்குத்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆனந்த் இனிப்பு வாங்கி வந்தான். வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் போன் போட்டார். "எங்க வூட்டுக்கு வந்துடுச்சு, எங்க வூட்டுக்கு." என்னிடமும் ஒரு துண்டை நீட்டினார். வாயில் போட்டேன். முழுங்க முடியவில்லை. வாயைக் கொப்பளிக்கப் போவது மாதிரி போய்த் துப்பிவிட்டேன்.

அழவில்லை. வெங்காயம் நறுக்கினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். துணியை மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். எனக்கு ஒரு நாளும் மயக்கம் வரலை."

"என்னா மயக்கம்?"

"அந்தப் படிப்புதான். அந்த சார் ரூம்ல கூட நானாத்தான் கையைத் தூக்கிட்டு இருந்தேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தீங்க, எறக்கினா அவரு என்னா நெனைப்பாரோன்னு."

அவள் பக்கம் திரும்பினேன். "அப்புறம் எதுக்குடி தினமும் வந்து படுத்த?"

"நீங்க படிக்கிறது நல்லாருந்துச்சுக்கா. கெட்டிக்காரின்னு சொல்லுவீங்க இல்ல. மத்த நேரம் நீங்க என்கிட்ட அப்பிடிப் பேசினதே இல்லையே."

கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை. "அப்போ... நான் சேத்துச் சொன்னது?"

"கேட்டுச்சு. மூணு நாளும்."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் ராயக்கோட்டைத் தக்காளி என்று மைக்கில் கத்திக்கொண்டு போனான். அது போன பிறகு அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"மொத நாள் அழுகையா வந்துச்சு. அடுத்த நாள், இன்னைக்காவது அதை வுட்டுட்டுப் படிப்பீங்களான்னு பாக்கத்தான் வந்து படுத்தேன். மூணாவது நாள்தான் தோணுச்சு. எனக்கு ஒன்னும் வராதுன்னு அக்கா நெனைச்சிருந்தா, இதை எதுக்குச் சொல்லணும்? நாக்குதான் தானாவே ஒட்டிக்குமே. அக்காவே பயப்படுறாங்கன்னா, எனக்குள்ள என்னமோ இருக்குதுன்னுதான அர்த்தம்? ஒன்பது வருஷம் வேலை பாத்தவங்க." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "மேனேஜர் முன்னாடி நிக்கிறப்ப அந்தக் குளம், படியெல்லாம் ஞாபகமே வரலைக்கா. நீங்க சொன்னதுதான் வந்துச்சு. பயமே போயிடுச்சு."

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைத் தேடினேன். இல்லை. நன்றி சொல்கிற முகம். அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம் அவள்.

"யாருகிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்" என்று சொல்லி, மடித்த துணியில் என் புடவைகளை மேலே வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மன்னிப்புக் கேட்கணும்தான். வாய் வரவில்லை. அவளைக் கீழே தள்ள நான் போட்ட கையாலேயே அவள் மேலே ஏறியிருக்கிறாள். ஐயோ, அந்த மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இடம் எனக்கு வந்திருக்கும்!

பார், இதை எழுதும்போது கூட முதலில் எனக்கு வருவது இந்த நினைப்புத்தான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஒவ்வொரு பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள், லீடருக்கான நீலக் கோட் போட்டுக்கொண்டு. என் பலகைக்கு வந்ததும் தட்டை என்னிடம் நீட்டி, "நீங்க வையுங்கக்கா" என்றாள். வைத்தேன். பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

அவள் நன்றாகத்தான் லைனை நடத்துகிறாள். எங்கேயாவது சறுக்குவாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சறுக்கவில்லை. இன்று சத்யப்ரியா என்கிற புதுப் பெண்ணுக்கு விரலைப் பிடித்து, தள்ளு, சத்தம் கேளு, இழு என்று சொல்லிக் கொடுத்தாள். "இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது அவங்கதான்" என்று என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிடப் போனது. வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

ஐந்தாவது லைனுக்கும் லீடர் வேண்டுமாம். என் பெயரைப் பிரியாவே கொடுத்துவிட்டு வந்து சொல்கிறாள். கூடவே இரண்டாவது லைன் மாதேஸ்வரியும் எழுதுகிறாள். அவள் வேகக்காரி.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தத் தடவை பிரியா உனக்குப் படிச்சுக் காட்டட்டும். அவளுக்கு நீ செஞ்ச இல்ல" என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கே ஆரம்பிச்சிடலாம் மாமா" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. நானும் லீடராகிவிட்டால் கம்பெனியில் அவளுக்குச் சமமாக நான் நிற்பேன். அவளுக்கு முன்னாலும் போவேன், ஒன்பது வருஷம் இருக்கிறது எனக்கு. அது அவளுக்குத் தெரியாதா? அவள் என்ன சேர்த்துப் படிக்கிறாள் என்று பார்த்துவிடுகிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றோடு மூன்றாவது நாள். ஞாயிறு விடுமுறை, நேற்று அவளுக்கு மீட்டிங். மற்ற நாளெல்லாம் படித்தாள்.

பாயில் படுத்தேன். முதல் நாள் கண்ணை இறுக்கி மூடி, காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். கெட்டிக்காரி என்ற இடம் வந்ததும் உடம்பெல்லாம் கெட்டியாகிவிட்டது. இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள். சொல்லவில்லை. முதல் நாளே வேண்டாம் என்று விட்டிருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை.

இன்று கடைசி வரை கேட்டேன். தாளில் இருக்கிறது அப்படியே, ஒவ்வொரு சொல்லாக, நான் படித்ததை விட நன்றாகப் படித்தாள். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. நாக்கு ஒட்டும் என்று இல்லை, மறந்துபோகும் என்று இல்லை. உன்னால் முடியும், நீ கெட்டிக்காரி. அவ்வளவுதான். தாளை மடித்துவிட்டாள்.

என்னைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் கூடப் பயம் இல்லை.

கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது. துடைத்தால் முழித்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும், துடைக்காமல் கிடந்தேன். அவள் குனிந்து பார்த்தது தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போய்ப் புளி கரைத்தாள்.